வான் இரவில் எங்கே நிற்கிறது?
மின்சாரத்துக்கு மாறும் பொதி விநியோகமும் நாங்களும்



இந்த மாத உரைக்குக் காரணமாக இருந்தது ஒரு தொலைபேசி அழைப்பு. வீடு வீடாகப் பொதிகள் விநியோகிக்கும் ஒரு தம்பி பேசினார். சொந்த வான், ஒப்பந்த வேலை. "அண்ணை, இனி எல்லாம் கறன்ற் வான் எண்டு சொல்லுகினம். நான் இருக்கிறது பார்க் எக்ஸ்ரென்சனிலை மூண்டாம் மாடி. வானை வாங்கினால் வயரை யன்னலாலையோ விடுறது?" என்று கேட்டார். கலையகத்தில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம். வீடு திரும்பும் வழியில் யோசித்துப் பார்த்தபோது, இந்த விடயத்தில் கேட்க வேண்டிய முதற் கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார் என்று பட்டது.

இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்களில் பலர் சில்லின் மேலேயே சீவித்தவர்கள். பனிக் குளிரில் விடியப்புறம் எழும்பிப் பத்திரிகை போட்டவர்கள், பீற்சா கொண்டு ஓடியவர்கள், டாக்சி ஓட்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இன்று அதே உழைப்பு இணையத்தில் வாங்கிய பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையாக மாறியிருக்கிறது. ஆகவே விநியோக வாகனங்கள் பெற்றோலிலிருந்து மின்சாரத்துக்கு மாறும் செய்தி எங்களுக்கு வெறும் சுற்றுச்சூழல் செய்தி அல்ல. வீட்டு வரவுசெலவோடு சம்பந்தப்பட்ட செய்தி.

டைனமோவை மறந்துவிட்டீர்களா?

மின்வாகனம் என்றதும் ஏதோ புதிய அதிசயம் என்று நினைக்க வேண்டாம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குப் பொருளாதாரத் தடைக் காலம் நினைவிருக்கும். பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பற்றரிக்கும் தடை. அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம்.

அந்த டைனமோவை ரயரோடு அழுத்தினால் சைக்கிள் ஓடுவது பாரமாகிவிடும் அல்லவா? மின்வாகனத்தின் ஒரு முக்கியமான இரகசியம் அதற்குள்தான் இருக்கிறது. சாரதி பெடலில் இருந்து காலை எடுத்தவுடன், அதுவரை சில்லைச் சுற்றிய மோட்டார் தானே டைனமோவாக மாறுகிறது. சில்லு அதைச் சுற்றுகிறது, மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகிறது, வண்டி வேகம் குறைகிறது. பெற்றோல் வானில் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்தி முழுவதும் சூடாகிக் காற்றோடு போய்விடும். மின்வானில் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கும்.

ஏன் விநியோக வாகனம் முதலில்?

மின்சாரத்துக்கு மாற்ற மிக வசதியான வாகனம் எது என்று கேட்டால், நிபுணர்கள் நகர விநியோக வானையும் பாடசாலை பஸ்ஸையும்தான் காட்டுவார்கள். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அது எவ்வளவு தூரம் ஓடும் என்பது முன்பே தெரியும். மொன்றியல் தீவுக்குள் பொதி கொடுக்கும் வான் பல நாட்களில் நூறு கிலோமீற்றர் அளவில்தான் ஓடும். இரண்டாவது, அது நின்று நின்று ஓடுவது. ஒரு நாளில் நூற்றுக்கு மேற்பட்ட தடவை நிற்கும். பெற்றோல் எஞ்சினுக்கு இதைப்போல வீண்செலவு வேறில்லை. மின்மோட்டாருக்கோ நிற்கும்போது செலவு மிகக் குறைவு, நிற்கப் போகும்போது வரவும் உண்டு. மூன்றாவது, வேலை முடிந்ததும் அது ஒரே இடத்துக்குத் திரும்பி வந்து இரவு முழுவதும் சும்மா நிற்கும். அந்த எட்டு மணித்தியாலமும் மின்னேற்றம் செய்யப் போதும்.

பிரித்தானியாவில் உள்ள உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கடந்த நூற்றாண்டில் பல பத்தாண்டுகளாக, விடியற்காலையில் வீட்டு வாசலில் பால் போத்தல் வைத்தது மின்சார வண்டிதான். ஈயப் பற்றரி, ஆமை வேகம், சத்தமே இல்லை. குறுகிய பாதை, அடிக்கடி நிறுத்தம், இரவில் கொட்டகை. இன்றைய விநியோக வானுக்கும் இதே இலக்கணம்தான்.

மூச்சுக்காற்றையும் மறக்கக்கூடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் வண்டியைச் சுற்றி ஏறி இறங்கி நிற்கும் சாரதி. அடுத்தவர், அந்தத் தெருவில் கீழ்மாடியில் குடியிருப்பவர்.

குளிர் என்ன செய்யும்?

"இதெல்லாம் சரி, ஜனவரியில் மறை இருபத்தைந்தில் இந்த வண்டி ஓடுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓடும், ஆனால் தூரம் குறையும்.

பெற்றோல் எஞ்சின் எரிபொருளின் பெரும் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. குளிர்காலத்தில் அந்த வீண் வெப்பத்தைத்தான் நாங்கள் ஹீற்றர் என்று அனுபவிக்கிறோம். மின்மோட்டார் வீணாக்குவது குறைவு. எனவே உள்ளே சூடாக்குவதற்கு ஓடுவதற்கு வைத்திருந்த மின்சாரத்திலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. அதோடு பற்றரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றமும் குளிரில் மந்தமாகிவிடும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கதவு திறக்கும்போது சூடும் வெளியே போய்விடும்.

2025 பெப்ரவரியில் கனேடிய மோட்டார் வாகனச் சங்கம் பல வகை மின்கார்களை ஒட்டாவாவிலிருந்து மொன்-த்ரம்பிளாங் வரை ஓட்டிப் பரிசோதித்தது. காருக்குக் கார் வித்தியாசம் இருந்தாலும், அவை ஓடக்கூடிய தூரம் 14 முதல் 39 வீதம் வரை குறைந்தது. இதை வானுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஃபோர்ட் நிறுவனத்தின் மின்வான் 2022இல் சந்தைக்கு வந்தபோது ஒரு முழு ஏற்றத்தில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லப்பட்டது. நாற்பது வீதம் கழித்தால் மிஞ்சுவது 120. தீவுக்குள் நூறு கிலோமீற்றர் ஓடுபவருக்கு அது மட்டுமட்டாகப் போதும். லாவாலைத் தாண்டி வடக்கே போகும் வழித்தடம் என்றால் போதாது. பின்னர் வந்த வான்களில் பற்றரி பெரிதாகியிருக்கிறது, விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது.

குளிரைச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. காலையில் புறப்பட முன், மின்னேற்றக் கம்பி இணைப்பில் இருக்கும்போதே உள்ளேயும் பற்றரியையும் சூடாக்கிவிட வேண்டும். அந்த மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, பற்றரியிலிருந்து போவதில்லை. காற்றைச் சூடாக்குவதைவிட இருக்கையையும் கைப்பிடியையும் சூடாக்குவது சிக்கனம். பழைய கார்களின் எஞ்சினுக்கு இரவில் பிளக் போட்டு வைத்த வழக்கம் எங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும். இதுவும் அதைப் போலத்தான்.

கவனித்தீர்களா? கம்பி இணைப்பில் நிற்கும் வானுக்குத்தான் இந்த வைத்தியம். தெருவில் நிற்கும் வானுக்கு இல்லை. மறுபடியும் அந்தத் தம்பியின் யன்னலுக்கே வந்துவிட்டோம்.

ஒரு சின்னக் கணக்கு

பேனாவும் கடதாசியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வான் நாளொன்றுக்கு 120 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். நின்று நின்று ஓடும் பெற்றோல் வான் நூறு கிலோமீற்றருக்கு 15 லீற்றர் குடித்தால், ஒரு நாளைக்கு 18 லீற்றர். லீற்றர் 1.50 டொலர் என்றால் 27 டொலர்.

அதே தூரத்துக்கு மின்வான், குளிர்காலத்தையும் சேர்த்துச் சராசரியாக, நூறு கிலோமீற்றருக்கு 35 யூனிற் எடுக்கட்டும். நாளொன்றுக்கு 42 யூனிற். ஹைட்றோ-கியூபெக்கின் வீட்டுக் கட்டணத்தில் நாளின் முதல் 40 யூனிற் ஏறக்குறைய 7 சதம், அதற்கு மேற்பட்டது ஏறக்குறைய 11 சதம். வீட்டுச் சூடேற்றலே முதல் நாற்பதை விழுங்கிவிடும் என்று எடுத்து, எல்லாவற்றையும் 11 சதமாகவே போடுவோம். 4 டொலர் 62 சதம் வருகிறது. அப்படியானால் ஒரு நாளில் மிச்சம் 22 டொலருக்குச் சற்று மேலே. வருடத்தில் 250 நாள் ஓடினால் ஏறக்குறைய 5,600 டொலர். எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை.

இதே வானுக்கு வீட்டில் மின்னேற்ற வசதி இல்லை, வெளியில் உள்ள விரைவு மின்னேற்றியில்தான் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். அங்கே யூனிற் 50 சதம் அளவில் விழுந்தால், 42 யூனிற்றுக்கு 21 டொலர். நாள் மிச்சம் 6 டொலராகச் சுருங்குகிறது. வருடத்துக்கு 1,500. அதோடு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி என்று அங்கே காத்திருக்க வேண்டும். பொதிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்த நேரத்துக்கு ஒரு சதமும் கிடைக்காது. நகரசபை தெருவோரங்களிலும் மின்னேற்றத் தூண்களை நிறுவியிருக்கிறது, அவை உதவும். ஆனால் பனி அள்ளும் நாளில் செம்மஞ்சள் பலகை வைத்து, சைரன் ஊதி, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும் ஊர் இது. தெருவோரத்தை நம்பித் தொழிலை அமைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரே வான், ஒரே பாதை, ஒரே சாரதி. வருடத்துக்கு 5,600 டொலர் மிச்சமா, 1,500 டொலர் மிச்சமா என்பதை இரவில் அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. மின்வானின் விலை பெற்றோல் வானைவிட இருபதாயிரம் டொலர் கூட என்று வைத்தால், முதலாமவர் நாலு வருடத்துக்குள் அதை எடுத்துவிடுவார். இரண்டாமவருக்குப் பதின்மூன்று வருடம் வேண்டும். அதற்குள் வான் இரும்புக் கடைக்குப் போய்விடும்.

மொன்றியலில் நடந்தவை

பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு இலகுவானது. அவர்களுடைய வான்கள் சொந்தப் பணிமனையில் நிற்பவை. கனடாத் தபால் சேவை 2022இல், தன்னிடமுள்ள ஏறத்தாழ 14,000 வாகனங்களில் பாதியை 2030க்குள்ளும் மீதியை 2040க்குள்ளும் மின்சாரத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. அதே குழுமத்தைச் சேர்ந்த பியூறொலேற்றர் 2023இல், ஏழு ஆண்டுகளில் 100 கோடி டொலர் செலவிட்டுக் கடைசிக் கட்ட விநியோக வாகனங்களில் 60 வீதத்தை மாற்றுவதாகச் சொன்னது. ஃபெடெக்ஸ் நிறுவனம் 2040ஐ இலக்காக வைத்தது.

மொன்றியல் நகரசபையின் 2020–2030 காலநிலைத் திட்டம், 1990இல் இருந்த அளவோடு ஒப்பிட்டுக் கரியமில வாயு வெளியேற்றத்தை 2030க்குள் 55 வீதம் குறைக்க வேண்டும் என்கிறது. நகர மையத்தில் புகையில்லா வலயம் என்ற எண்ணமும் அதில் உண்டு.

இந்த வழியில் முதலில் கண்ணுக்குத் தெரிந்த முயற்சி எங்களில் பலருக்குப் பழக்கமான ஓர் இடத்தில் நடந்தது. பெர்ரி வீதியில் இருந்த பழைய வொயாஜர் பஸ் நிலையம் ஞாபகமா? ஒரு பையோடு முதன்முதல் மொன்றியலில் கால் வைத்த இடமாகவும், ரொறன்ரோவிலிருந்து வரும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ காத்திருந்த இடமாகவும் அது பலருக்கு இருந்தது. 2011 இறுதியில் பஸ்கள் பக்கத்துப் புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. வெறுமையாகக் கிடந்த அந்த வளவில் 2019 செப்ரெம்பரில் "கொலிப்ரி" என்ற திட்டம் தொடங்கியது. பூவுக்குப் பூ பறந்து தேன் குடிக்கும் சின்னஞ்சிறு குருவிக்குப் பிரெஞ்சு மொழியில் அதுதான் பெயர்.

திட்டம் இதுதான். பெரிய லொறிகள் பொதிகளை அந்த வளவுக்குக் கொண்டுவந்து இறக்கும். அங்கிருந்து மின்மோட்டார் பூட்டிய சரக்குச் சைக்கிள்களும் சிறிய மின்வாகனங்களும் அவற்றை நகர மையத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோகும். நெரிசலுக்குள் லொறி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை, தண்டப் பணச் சீட்டும் இல்லை. பனிக்காலத்திலும் சைக்கிள்கள் ஓடின. கரியரில் ஒரு மூட்டை, குறுக்குச் சட்டத்தில் ஒரு மூட்டை என்று சங்கக்கடையிலிருந்து சாமான் கட்டி மிதித்த எங்களுக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு மிதிக்க மோட்டார் உதவி இருக்கிறது, அவ்வளவுதான்.

கொலிப்ரியில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அங்கே முதலில் தேடப்பட்டது நகர நடுவில் ஓர் இடம். வாகனம் நிற்க, பொதி மாற்ற, மின்னேற்ற ஒரு வளவு. அது கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம் நடந்தது.

இடறிய இடங்கள்

எல்லாம் வெற்றி என்று சொன்னால் அது பொய். சென்-ஜெரோமில் 2008இல் தொடங்கிய லயன் நிறுவனம் மின்சாரப் பாடசாலை பஸ்களால் பெயர் பெற்றது. பிறகு மின்லொறிகளும் செய்தது. மொன்றியலில் பல பெரிய நிறுவனங்கள் அதன் லொறிகளில் ஆர்வம் காட்டின, அமசோனும் வாங்க முன்வந்தது. ஆனால் கடன் மலையாகிவிட்டது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. 2025இல் கியூபெக் முதலீட்டாளர்கள் சிலர் அதை வாங்கி, பாடசாலை பஸ்ஸோடு மட்டும் தொடர்வதென்று முடிவுசெய்தார்கள்.

ஒன்ராறியோவின் இங்கர்சோல் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் மின்சார விநியோக வான்கள் செய்யத் தொடங்கியது. ஃபெடெக்ஸ் கனடாவும் அவற்றை வாங்கியது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2025 ஏப்ரலில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது, ஒக்ரோபரில் அந்த வான் உற்பத்தியே முடிவுக்கு வந்தது.

இதனால் மின்வான் உதவாது என்று அர்த்தமில்லை. செய்பவர் போய்விட்டால் உதிரிப்பாகம் எங்கே, உத்தரவாதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வரும் என்பதுதான் பாடம். இருநூறு வான் வைத்திருக்கும் கொம்பனி அதைத் தாங்கும். ஒரே ஒரு வானைக் கடனில் வாங்கியவர் என்ன செய்வார்?

மூன்றாவது நிகழ்ச்சி வாகனத்தைப் பற்றியதல்ல, ஆனால் மிக நெருங்கியது. அமசோன் 2025 ஜனவரியில் கியூபெக்கில் இருந்த தன் ஏழு நிலையங்களையும் மூடப் போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 1,700 நிரந்தர ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் குடிவரவாளர் ஏராளம். துணை ஒப்பந்தக்காரரின் கீழ் ஓடிய சாரதிகளின் வேலையும் போனது. 2024 மே மாதத்தில் லாவால் நிலையத்தில் தொழிற்சங்கம் அமைந்திருந்தது. அதற்குப் பழிவாங்கவே மூடினார்கள் என்றது தொழிற்சங்கம், செலவைக் குறைக்கவே என்றது நிறுவனம். பொதிகள் நின்றுவிடவில்லை. பழையபடி வெளி விநியோகஸ்தர்கள் வழியாக அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? பொதி ஒரு கை மாறி இன்னொரு கைக்குப் போகும்போது வானும் கை மாறுகிறது. கொம்பனியின் பணிமனையில் நின்ற வான் போய், ஒப்பந்தக்காரரின் வீட்டு வாசலில் நிற்கும் வான் வருகிறது. பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் 2030, 2040 வாக்குறுதிகள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வாகனங்களைப் பற்றியவை. சாரதியின் வான் அந்தக் கணக்கில் சேருமா, சேர்ந்தால் அதை மாற்றும் செலவு யார் தலையில் விழும் என்பதைத்தான் நாங்கள் கேட்க வேண்டும்.

மின்சாரம் நின்றுவிட்டால்?

1998 ஜனவரி ஐஸ் மழையை அனுபவித்தவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். மின்கோபுரங்கள் சரிந்து, கியூபெக்கில் பதினான்கு இலட்சம் வரையான இணைப்புகள் இருளில் கிடந்தன. சில இடங்களில் அது கிழமைக் கணக்கில் நீடித்தது. 2023 ஏப்ரலிலும் பதினொரு இலட்சம் இணைப்புகள் அறுந்தன. மின்வான் மட்டும் வைத்திருப்பவருக்கு அப்படியான நாட்களில் தொழில் நிற்கும், இது உண்மை. ஆனால் பெற்றோல் நிலையத்தின் பம்பும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, நாட்கணக்கில் வரிசையில் நின்ற முச்சக்கரவண்டிச் சாரதிகளை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். எந்தச் சக்தியை நம்பினாலும் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு.

எங்கள் மின்சாரம் சுத்தமானது, அதில் மறுபேச்சில்லை. கியூபெக்கின் மின்சாரத்தில் 99 வீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்க வழிகளில், பெரும்பாலும் நீரிலிருந்து வருகிறது. நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் நாடுகளைவிட இங்கே மின்வாகனத்தின் பயன் பல மடங்கு அதிகம். ஆனாலும் அந்த அணைகள் கட்டப்பட்ட ஜேம்ஸ் குடாப் பகுதி கிறீ மக்களின் வேட்டை நிலம். 1975ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்கள் நீதிமன்றம் ஏறிப் போராடிய பின்னரே வந்தது. நிலத்தை இழப்பது என்றால் என்னவென்று அறிந்தவர்கள் நாங்கள். பிளக்கைக் குத்தும்போது இதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கையெழுத்துப் போடுமுன்

நேயர்களுக்குச் சில நடைமுறை ஆலோசனைகள்.

முதலில், இரவில் வான் நிற்கப் போகும் இடத்தைத் தீர்மானியுங்கள். சொந்த வீடும் வாகனத் தரிப்பிடமும் உள்ளவர், உடுப்பு உலர்த்தும் இயந்திரத்துக்குப் போவது போன்ற 240 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு போடுவிக்கலாம். அதில் ஓர் இரவுக்கு ஐம்பது யூனிற் வரை ஏற்றலாம். வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

இரண்டாவது, வேலை தரும் நிறுவனத்திடம் கேளுங்கள். இரவில் உங்கள் பணிமனையில் மின்னேற்ற விடுவீர்களா? பொதிக் கூலியில் அதற்கென்று ஏதும் கூடுமா? வழித்தடம் எத்தனை கிலோமீற்றர், அது நடுவில் மாறுமா? வாயால் சொன்ன பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரெஞ்சு விளங்காவிட்டால், இங்கே படித்த பிள்ளைகளை வைத்து வரிக்கு வரி வாசியுங்கள்.

மூன்றாவது, "நீ வேலையாள் இல்லை, சுயதொழில்காரர்" என்று கடதாசியில் எழுதியிருப்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது. யார் நேரத்தை வகுக்கிறார்கள், யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற நிஜ நிலையைத்தான் கியூபெக்கின் தொழில் நியமங்களுக்கான ஆணையம் பார்க்கும். சந்தேகம் இருந்தால் அங்கே கேட்கலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

நான்காவது, அரசாங்க உதவித் தொகையை நம்பி விலையைக் கணக்குப் பார்க்க வேண்டாம். 2019இல் தொடங்கிய மத்திய அரசின் 5,000 டொலர் திட்டம், 2025 ஜனவரியில் பணம் தீர்ந்து நின்றது. கியூபெக் அரசு புதிய மின்காருக்குக் கொடுத்த தொகையை 2024இல் 7,000, 2025இல் 4,000, 2026இல் 2,000 என்று குறைத்து, 2027இல் முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. வாங்கும் நாளில் என்ன உண்டு, உங்கள் வானுக்கு அது பொருந்துமா என்று நேரில் உறுதிப்படுத்துங்கள்.

ஐந்தாவது, வீட்டில் ஏற்றிய யூனிற்றுக்கும் ஓடிய கிலோமீற்றருக்கும் நாளாந்தம் குறிப்பு வையுங்கள். பெற்றோலுக்குப் பற்றுச்சீட்டு இருக்கும். வீட்டு மின்கட்டணப் பட்டியலில் வானின் பங்கு தனியாகத் தெரியாது, வரி நேரத்தில் அந்தக் குறிப்பு உதவும். பாரம் கூடிய மின்வானுக்கு ரயர் விரைவில் தேயும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் இங்கே சட்டம்.

கடைசியாக, ஒருவராகச் செய்ய முடியாததைப் பலராகச் செய்யலாம். வார நாட்களில் இரவு முழுவதும் வெறுமையாகக் கிடக்கும் வாகனத் தரிப்பிடங்கள் எங்கள் கோவில்களுக்கும் மண்டபங்களுக்கும் கடைகளுக்கும் இருக்கின்றன. நாலு சாரதிகள் சேர்ந்து, ஒரு வளவுக்காரரோடு பேசி, இரண்டு மின்னேற்றிகளைப் பூட்டிப் பங்கிட்டுக் கொண்டால் என்ன? சீட்டுப் பிடித்தே வீடு வாங்கிய சமூகம் இது. வொயாஜர் நிலையத்தின் வெறும் வளவு செய்த வேலையை எங்கள் வளவு ஒன்றும் செய்யலாம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். வயரை யன்னலால் விட வேண்டாம், அது ஆபத்து. பழைய வானை இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டுங்கள். அதற்குள் வான் நிற்க ஓர் இடத்தைத் தேடுங்கள். இடம் கிடைத்த பிறகு வானைப் பார்க்கலாம்.

இது பற்றிய உங்கள் அனுபவங்களை எங்களுக்கு எழுதியோ அழைத்தோ சொல்லுங்கள். மின்வான் ஓட்டிக் குளிர்காலம் கண்டவர்கள் யாராவது இருந்தால், அடுத்த முறை ஒலிவாங்கி உங்களுக்குத்தான்.